கேட்டிக்கு எத்தனை தலை?

ஹாங்காங்கின் ஷியூங் வான் பகுதியில், இரண்டடுக்கு ட்ராம்கள் மணியடித்துக்கொண்டு போகும் டெவோ சாலையின் மேற்குக் கோடி முழுக்கக் கருவாட்டுக் கடைகள். நம் ஊர்க் கருவாட்டுச் சந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்துபோவார். சாக்கு விரித்துக் குவித்த நெத்திலிக்கும் வாளைக்கும் இங்கே இடமில்லை. கண்ணாடி ஜாடிகளில் மீனின் காற்றுப்பை, சுறாத் துடுப்பு, கடல் அட்டை, காய்ந்த சிப்பிச் சதை. எல்லாவற்றுக்கும் மேல்தட்டில், சில கடைகளில் பூட்டிய அலமாரிக்குள், உள்ளங்கையில் அடங்குகிற பழுப்புக் கட்டிகள். விளிம்பு மடிந்து, நடு புடைத்து, மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதுதான் உலர்ந்த அபலோன்.

வாங்க வருகிறவர் கிலோ விலை கேட்பதில்லை. எத்தனை தலை என்றுதான் கேட்பார். கேட்டி என்பது பழைய சீன எடை, சுமார் 600 கிராம்; மலேசியா, சிங்கப்பூரின் வயதான தமிழர்களுக்குச் சந்தையில் பழகிய அளவுதான். ஒரு கேட்டிக்கு எத்தனை உருப்படி நிற்கிறதோ அத்தனை தலை. முப்பது தலை என்றால் ஒன்று இருபது கிராம், சாதாரணச் சரக்கு. பத்துத் தலை என்றால் அறுபது கிராம், பெரிய விருந்துக்கு ஆகும். மூன்று தலை என்றால் ஒவ்வொன்றும் இருநூறு கிராம். எண் இறங்க இறங்க விலை சீராக ஏறாது, தாவித் தாவி ஏறும். ஆயிரம் பொன் கொடுத்தாலும் இரண்டு தலை கிடைக்காது என்று கான்டனீஸ் வியாபாரிகளிடம் ஒரு பேச்சு உண்டு.

காய்ந்த அபலோன், உயிரோடு இருந்தபோதைய எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும். அப்படியானால் மூன்று தலைச் சரக்கு ஒவ்வொன்றும் கடலில் சுமார் இரண்டு கிலோ இருந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு வளர ஒரு அபலோனுக்கு மிக நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே தலைக் கணக்கு பார்வைக்கு எடைக் கணக்கு மாதிரி இருந்தாலும் உண்மையில் வயதுக் கணக்கு. கடலில் எவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் தப்பித்து இருந்தது என்பதற்குத்தான் விலை.

ஒட்டிக்கொள்ளும் உயிர்

அபலோன் மீனல்ல, கடல் நத்தை. உலகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒற்றை ஓடு, காது வடிவம். ஓட்டின் ஓரத்தில் வரிசையாகச் சில துளைகள். மூச்சு விடுவதும் கழிவைத் தள்ளுவதும் அந்த வழியாகத்தான். ஓட்டின் உட்புறம் நீலமும் பச்சையும் ரோஜாவுமாக மினுங்கும். பொத்தான், நகை, மரச்சாமான் பதிப்பு வேலை எல்லாவற்றுக்கும் அந்த ஓடு போகிறது.

நாம் தின்பது அதன் பாதத்தை. பாறையோடு அழுந்திக்கொள்ளும் தடித்த தசை அது. அசந்திருக்கும்போது சட்டென்று நெம்பினால் வந்துவிடும். தொட்டதை உணர்ந்துவிட்டால் பாறையைக் கவ்விக்கொள்ளும். பிறகு இரும்புப் பட்டையில்லாமல் முடியாது. இதன் ரத்தம் நம் ரத்தம் போல் உறையாது. நெம்பும்போது பாதத்தில் வெட்டு விழுந்தால், அளவு போதாது என்று திரும்பக் கடலில் போட்டாலும் பல சமயம் ரத்தம் வடிந்தே செத்துவிடும்.

இனப்பெருக்கமும் வம்பானது. ஆணும் பெண்ணும் தண்ணீரில் தனித்தனியே விந்தையும் முட்டையையும் விடுகின்றன. அவை தற்செயலாகச் சந்திக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் கூட்டமாக இருந்தால்தான் இது நடக்கும். அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டால், மிச்சம் இருப்பவை சாகாமலே வாரிசு இல்லாமல் போய்விடும். கலிஃபோர்னியாவின் வெள்ளை அபலோனுக்கு நடந்தது இதுதான். 1970-களில் பத்து வருஷத்துக்குள் அள்ளி முடித்துவிட்டார்கள். 2001-இல் அமெரிக்க அருகிவரும் உயிரினச் சட்டத்தின் பட்டியலில் ஏறிய முதல் முதுகெலும்பற்ற கடல் உயிர் அதுதான். 2022 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 54 அபலோன் வகைகளில் 20 வகைகள் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன.

சீனர்களுக்கு இதன் மேல் உள்ள ஆசை நேற்று வந்ததல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில், ஹான் வம்சத்தின் அரியணையைப் பறித்துக்கொண்ட வாங் மாங், நாலாபுறமும் கலகம் சூழ்ந்தபோது சோறு இறங்காமல் மதுவும் அபலோனும் மட்டும் எடுத்துக்கொண்டதாக ஹான் வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அபலோன், கடல் அட்டை, சுறாத் துடுப்பு, மீன் காற்றுப்பை ஆகிய நான்கும் இன்றைக்கும் கான்டனீஸ் விருந்தின் உச்சம். இதில் ஒன்றாவது மேசைக்கு வராவிட்டால் பெண் வீட்டாரோ வியாபாரக் கூட்டாளியோ மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

கழியும் கண்ணாடிப் பெட்டியும்

சாப்பிடுகிறவர் சீனர் என்றாலும் சரக்கில் முதலிடம் ஜப்பானுக்கு. அதிலும் வடகிழக்கு ஜப்பானின் சன்ரிக்கு கரைக்கு. வளைந்து வளைந்து உள்ளே போகும் குடாக்கள், குளிர்ந்த நீரோட்டம், பாறை நெடுகக் கடற்பாசி. அபலோனுக்கு அதுதான் தீனி.

அங்கே இவாத்தே மாகாணத்தில் அபலோன் எடுப்பதைப் பார்க்க வேண்டும். நவம்பரிலும் டிசம்பரிலும், மீனவர் கூட்டுறவுச் சங்கம் குறித்துத் தரும் சில நாள்களில் மட்டும், அதுவும் காலையில் சில மணி நேரம் மட்டும்தான் கடல் திறக்கும். சின்னப் படகில் ஓர் ஆள். அடியில் கண்ணாடி பதித்த ஒரு பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி, அதன் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, முகத்தை அதற்குள் புதைத்துக் கீழே பார்க்கிறார். ஒரு கை படகை நிறுத்தி வைக்கும். மறு கையில் பல மீட்டர் நீளக் கழி, அதன் நுனியில் கொக்கி. பாறை இடுக்கில் இருக்கும் அபலோனை ஓட்டின் ஓரமாகக் கொக்கி போட்டு ஒரே இழுப்பில் தூக்க வேண்டும். மூழ்கு உடையோ காற்று உருளையோ கிடையாது. ஓடு 9 செ.மீ.க்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது. குளிர்காலக் காலையில் தாடை மரத்துப்போக இப்படிக் குனிந்து கிடந்து சம்பாதிப்பதில்தான் வருஷக் கடைசிச் செலவுகள் பல வீடுகளில் ஓடும்.

பிடித்த பிறகுதான் பெரிய வேலை. ஓட்டிலிருந்து பிரித்து, குடலை எடுத்துவிட்டு, உப்பில் சில நாள் வைப்பார்கள். கழுவி, தளதளவென்று கொதிக்கவிடாமல் நிதானமாக வேகவைப்பார்கள். கரிச் சூட்டில் ஈரம் ஓரளவு போன பிறகு நூலில் கோத்து வெளியே தொங்கவிடுவார்கள். இங்கே அவசரம் ஆகாது. மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அழுகும். அதனால் வெயிலில் கொஞ்சம், நிழலில் கொஞ்சம். காயவிட்டு, நிறுத்தி, உள் ஈரம் மேலே வரும்வரை காத்திருந்து, மறுபடி காயவிட வேண்டும். இப்படியே வாரங்களும் மாதங்களும் போகும். கடைக்கு வந்த பிறகும் சில வியாபாரிகள் வருஷக்கணக்கில் வைத்திருந்து நிறம் கருத்த பிறகுதான் விற்பார்கள்.

ஊரைப் பொறுத்து முறை மாறும், முறையைப் பொறுத்து வடிவம் மாறும். யோஷிஹாமா கிராமத்துச் சரக்கு 'கிப்பின்' என்று சந்தையில் அழைக்கப்படும். விளிம்பு உயர்ந்து பழைய சீனப் பொற்கட்டி வடிவில் இருக்கும், நடுவில் நூல் தடம் தெரியும். வடக்கே, சூரை மீனுக்குப் பேர்போன ஓமா ஊர்ச் சரக்கு சிறியது, நூல் கோத்த இரண்டு ஓட்டைகள் அப்படியே இருக்கும். 'அமிதோரி' என்பது எல்லாவற்றிலும் பெரியது, அரியது. தேர்ந்த வாடிக்கையாளர் கட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நடுப்பகுதி செம்பழுப்பாக ஒளிவிட்டால் முகத்தில் ஒரு திருப்தி. சமைத்து அறுக்கும்போது அந்த நடுப்பகுதி கத்தியில் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். கான்டனீஸில் அதற்குச் 'சர்க்கரை நெஞ்சு' என்று பெயர். புதிய அபலோனில் இது கிடையாது, டப்பாவில் அடைத்ததிலும் கிடையாது. காய்ந்து கிடந்த காலம்தான் இதைக் கொடுக்கிறது.

நாகசாகி வழி

ஜப்பான் தன் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்த எடோ காலத்தில், வெளிநாட்டு வாணிபத்துக்கு நாகசாகியில்தான் பெரிய வாசல். சீனக் கப்பல்களும் டச்சுக் கப்பல்களும் அங்கே வந்தன. சீனப் பட்டுக்கும் மருந்துக்கும் வெள்ளியும் செம்பும் கொட்டிக் கொட்டிக் கொடுத்துக் கஜானா வற்றியது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அரசாங்கம் ஒரு வழி கண்டது: உலோகத்துக்குப் பதில் கடல் சரக்கு. காய்ந்த கடல் அட்டை, காய்ந்த அபலோன், சுறாத் துடுப்பு மூன்றும் வைக்கோல் மூட்டைகளில் கட்டி நாகசாகிக்குப் போயின. 1785-இல் அரசே கொள்முதலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எந்தக் கரை எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கு விதிக்கப்பட்டது. தன் கரையில் விளைந்ததைத் தானே தின்ன முடியாமல் காய வைத்து மூட்டை கட்டிய மீனவன் என்ன நினைத்தான் என்பதைப் பற்றி ஏட்டில் அதிகம் இல்லை.

இந்த மூன்றில் கடல் அட்டை நமக்கும் நெருக்கமானது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மூழ்கி எடுத்து, அவித்து, காய வைத்துக் கிழக்கே அனுப்பிய தொழில் நம் கரையில் தலைமுறைகளாக நடந்தது. 2001-இல் இந்தியா அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்து தடை செய்தது. இலங்கையில் அனுமதியோடு எடுக்கலாம். ராமநாதபுரம் கடற்கரையில் மூட்டை பிடிபட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த மூட்டைகளையும் கிழக்கே இழுப்பது ஷியூங் வான் மாதிரிச் சந்தைகள்தான். அபலோனிலும் ஒரு குட்டி வகை நம் மன்னார் வளைகுடாப் பாறைகளில் உண்டு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்துப் பார்த்திருக்கிறது. சில சென்டிமீட்டர்தான் வளரும். தலைக் கணக்குக்குள் அது வராது, வராதது நல்லதாயிற்று.

கிப்பின் வரும் யோஷிஹாமாவைப் பற்றி இன்னொரு விஷயம். 1896-இல் சன்ரிக்கு கரையைச் சுனாமி அடித்துப் போட்டபோது இந்த ஊரும் தப்பவில்லை. அதன் பிறகு ஊர்த் தலைவர் வீடுகளை மேட்டுக்கு மாற்றச் சொன்னார். 1933-இல் மறுபடி அலை வந்தது. மிச்சமிருந்த வீடுகளும் மேலே ஏறின. கீழே இருந்த நிலம் வயலாயிற்று. 2011 மார்ச் 11 அன்று அக்கம்பக்கத்து ஊர்கள் துடைத்தெடுக்கப்பட்டபோது யோஷிஹாமாவில் அடிபட்டவை விரல் விட்டு எண்ணும் வீடுகள். காணாமல் போனவர் ஒருவர். படகும் வலையும் போகாமல் இல்லை. கரை நெடுகக் குஞ்சு வளர்ப்பு நிலையங்களும் இளம் அபலோன்களும் போயின. அதற்குப் பிறகு கடல் சூடேறிப் பாசிக் காடும் மெலிந்து, இவாத்தேயின் பிடிப்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. சரக்கு குறைந்ததும் ஹாங்காங்கில் விலை என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பானையும் முள்கரண்டியும்

சமையலைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஆனாலும் முயல்கிறேன். இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊறியதும் வாய்ப் பகுதியையும் மணலையும் தேய்த்து எடுப்பார்கள். மண்பானையின் அடியில் மூங்கில் பாய், அடிப்பிடிக்காமல் இருக்க. அதன் மேல் முற்றிய கோழி, பன்றி விலா, கோழிக்கால், ஜின்ஹுவா ஊரின் உப்புக்கண்டம், நடுவில் அபலோன். சின்னத் தீயில் பத்து மணி நேரத்துக்கு மேல் போகும். கோழியும் பன்றியும் தங்கள் சாரத்தையெல்லாம் கொடுத்துவிட்டுச் சக்கையாக வெளியேறும். கடைசியில் சாறு சுண்டிக் கெட்டிப்பட்டு அபலோன் மேல் பளபளக்கும். தட்டில் ஒன்றே ஒன்று. சிலசமயம் கூடவே ஒரு வாத்துக்கால். கத்தியும் முள்கரண்டியும் வைத்துத் துண்டு துண்டாக, அவசரப்படாமல் சாப்பிட வேண்டும்.

இதை ஒரு பெயரோடு சேர்த்தே ஹாங்காங் பேசும்: யியுங் கூன்-யாட். சீனப் பெருநிலத்திலிருந்து இளைஞனாக வந்து, உணவகத்தில் எடுபிடியாகத் தொடங்கி, ஃபோரம் உணவகத்தை நடத்தி, கடன் சுமையிலிருந்து மீள ஒரு தனிப் பண்டம் வேண்டும் என்று அபலோனைப் பிடித்துக்கொண்டவர். முறையாகச் சமையல் படித்தவர் அல்லர். திரும்பத் திரும்பச் சோதித்துத் தன் முறையைக் கண்டார். 1980-களில் பெய்ஜிங்குக்கு அழைக்கப்பட்டு சீனத் தலைவர் டெங் சியாவோபிங்குக்குச் சமைத்துப் போட்டார். சாப்பிட வந்தவர் முன்னாலேயே மண்சட்டியை ஏற்றி வேலையைக் காட்டுவது அவர் பாணி. 2020-இல் ஃபோரமுக்கு மூன்று மிஷெலின் நட்சத்திரங்கள் கிடைத்தன. 2023-இல் அவர் காலமானார்.

ருசி எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதலில் உப்பும் இறைச்சிச் சாறும்தான் தெரியும். மெல்ல மெல்லத்தான் கடல் வரும். காரமும் புளிப்பும் பழகிய நம் நாக்குக்கு முதல் தடவையே இது மலைக்க வைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் கொடுக்கும் கூடையில் டப்பா அபலோன் இருக்கும். அதைத் தின்றுவிட்டு, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கும் தமிழர் உண்டு. அவர்கள் தின்றது உலர்ந்ததை அல்ல.

எடை குறைந்ததால் வந்த வினை

உலர்த்தினால் எடை பத்தில் ஒன்றாகும், கெடாது, ஐஸ் வேண்டாம், பைக்குள் போகும். நாகசாகிக்கு மூட்டை அனுப்பியவனுக்கு இது வசதி. கள்ளக் கடத்தல்காரனுக்கும் இதே வசதிதான். அதோடு, தலைக் கணக்கு தெரிந்த கண்ணுக்கும் காய்ந்த கட்டி எந்தப் படகில் ஏறியது, பகலில் வந்ததா இரவில் வந்ததா என்பது தெரியாது.

தென்னாப்பிரிக்காவின் கேப் கரையில் அபலோனுக்குப் பெயர் பெர்லமுன். 1965-இல் உச்சமாக ஏறத்தாழ 2,800 டன் எடுத்தார்கள். கட்டுப்பாடே இல்லாத காலம். பிறகு அளவு விதித்தார்கள், குறைத்தார்கள், இன்னும் குறைத்தார்கள். 1990-களில் இரண்டு அடி சேர்ந்தாற்போல் விழுந்தது. பாறை இறால்கள் கிழக்கே நகர்ந்து வந்து கடல் முள்ளெலிகளைத் தின்று தீர்த்தன. அபலோன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அந்த முள்ளெலிகளின் முட்களுக்கு அடியில்தான், கூரை போயிற்று. இன்னொரு அடி மனிதனால் வந்தது. ராண்ட் மதிப்பு சரிந்தது, கிழக்கே சீனச் சந்தை வீங்கியது, கேப்பில் ஏற்கெனவே வேரூன்றிய சீனக் கள்ளக் கும்பல்கள் மீனவ ஊர்களின் உள்ளூர்க் கும்பல்களோடு கை கோத்தன. பணத்துக்குப் பதில் மெத்தாம்ஃபெட்டமின் தயாரிக்கும் மூலப்பொருள் கைமாறிய பேரங்களும் உண்டு. கேப் டவுனின் புறநகர்களை 'டிக்' என்கிற அந்தப் போதைப்பொருள் சீரழித்ததில் ஒரு பங்கு இந்த நத்தைக்கும் சேரும்.

அதே கரையில் கான்ஸ்பாய் ஊர்ப் பக்கம் டயர் தீவு இருக்கிறது. பெரிய வெள்ளைச் சுறாக்களைக் கூண்டுக்குள் இருந்து பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வந்த இடம். அதே தண்ணீரில், இரவில், விளக்கைக் குறைத்துக்கொண்டு, கடற்பாசிக் காட்டுக்குள் கள்ள முக்குளிகள் இறங்கினார்கள். கையில் நெம்புகோல், இடுப்பில் பை. மேலே ரப்பர் படகு காத்திருக்கும். ரோந்துப் படகு வந்தால் பையை அறுத்துவிட வேண்டும். கரைக்கு வந்த சரக்கு வீடுகளிலும் பண்ணைக் கொட்டகைகளிலும் ரகசியமாக வேகவைத்து உலர்த்தப்படும். சுற்றியிருப்பவர்களுக்கு நாற்றம் மூக்கைத் துளைக்கும். காட்டிக்கொடுத்ததும் பல சமயம் அந்த நாற்றம்தான். ஷுஹுத் அபாதர் என்கிற முன்னாள் கள்ள முக்குளி, பத்திரிகையாளர் கிமோன் டி கிரீஃபோடு சேர்ந்து எழுதிய 'போச்சர்' என்கிற புத்தகம் 2018-இல் வந்தது. அந்த உலகத்துக்கு உள்ளிருந்து எழுதப்பட்ட சாட்சியம் அது.

அதே 2018-இல் வனவிலங்கு வாணிபத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது: 2000 முதல் 2016 வரை தென்னாப்பிரிக்கக் கடலிலிருந்து திருடப்பட்ட அபலோன் குறைந்தது 9.6 கோடி. வருஷத்துக்குச் சராசரி 2,000 டன்னுக்கு மேல். சட்டப்படி எடுக்க அனுமதித்த அளவோ வெறும் 96 டன்னுக்கு இறங்கியிருந்தது. திருட்டுச் சரக்கில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அபலோனே விளையாத ஆப்பிரிக்க நாடுகள் வழியாகப் போனது. அவற்றில் ஜிம்பாப்வே போல் கடற்கரையே இல்லாத நாடும் உண்டு. மலையும் புல்வெளியுமான ஒரு நாட்டிலிருந்து உலர்ந்த அபலோன் ஏற்றுமதியாகிறது என்று சுங்கத் தாளில் எழுதியிருந்தாலும் ஹாங்காங்கில் அதை நிறுத்தச் சட்டம் இருக்கவில்லை. 2007-இல் தென்னாப்பிரிக்கா இந்த வகையை வனவிலங்கு வாணிபத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. நடைமுறைச் சிக்கல் என்று சொல்லி 2010-இல் தானே எடுத்துவிட்டது. என் பார்வையில், போலீஸ் படகுகள் அத்தனையையும் விட அந்தப் பட்டியல் பதிவு ஒன்றே அதிகம் உதவியிருக்கும்.

இதை வெறும் திருட்டுக் கதையாகப் படிப்பது ஹாஸ்டன் மாதிரி மீனவ ஊர்களுக்குச் செய்யும் அநியாயம். நிறவெறி ஆட்சியில் அபலோன் எடுக்கும் உரிமை பெரும்பாலும் வெள்ளையர் நிறுவனங்களிடம் இருந்தது. தலைமுறையாக அந்தக் கடலில் இறங்கியவர்களுக்கு, அந்த ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு விடியும் என்று நம்பிக்கை வந்தது. கையில் கிடைத்தது சொற்பம். அளவோ வருஷா வருஷம் சுருங்கியது. 2003-இல் பொழுதுபோக்காக எடுப்பதும் தடையானது, 2008-இல் வாணிபமும் நிறுத்தப்பட்டு இரண்டு வருஷம் கழித்துத் திறந்தது. எங்கள் கடலில் நாங்கள் இறங்குவது குற்றமா என்று கேட்டுக்கொண்டே பகலிலேயே இறங்கியவர்கள் உண்டு. கும்பல்காரனின் பணமும் இந்தக் கோபமும் ஒரே பையில் விழுந்தன.

இன்றைக்கு உலகச் சந்தையில் புழங்கும் அபலோனில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. அதிலும் பெரும்பங்கு சீனாவின் ஃபூஜியன் கரை, அடுத்தது தென்கொரியா. தென்னாப்பிரிக்காவிலும் ஹெர்மனஸ், கான்ஸ்பாய் சுற்றிலும் பண்ணைகள் இருக்கின்றன. சட்டப்படி கடலில் எடுப்பதைவிடப் பல மடங்கு அவை தருகின்றன. சுத்தமான சரக்கு, ரசீதோடு. ஆனால் பண்ணைக்காரர் தீனிக்கும் மின்சாரத்துக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்து, கைப்பிடி அளவிலேயே விற்றுவிடுவார். மூன்று தலைக்கு வளரும்வரை வைத்திருந்தால் அவருக்குக் கட்டாது. தலைக் கணக்கு இருக்கும்வரை, கடலில் தானாக வளர்ந்த கிழ அபலோனுக்கு மேல் விலை நின்றுகொண்டே இருக்கும்.

பிடிபடும் கள்ளச் சரக்கைத் தென்னாப்பிரிக்க அரசு அழிப்பதில்லை, விற்கிறது. பறிமுதலான பல டன் அபலோனை ஏற்றுமதியாளர்கள் விலை கேட்டு வாங்கிக் கிழக்கே அனுப்புகிறார்கள். பணம் கடல் உயிர்வள நிதிக்குப் போகிறது. மீன்வளத் துறையின் செலவுகளில் கணிசமான பங்கு அந்த நிதியிலிருந்துதான். திருட்டு நின்றால் திருட்டைப் பிடிக்கிற துறையின் வருமானமும் விழும் என்பதை ஆய்வாளர்கள் பத்து வருஷங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.